விளையும் பயிரும் பன்னிரண்டு வயதும்



ஆண்டுதோறும் நவம்பர் மாதக் கடைசி வந்துவிட்டால் நம் சிங்கப்பூரில் ஒரு கேள்வி மாடிக்கு மாடி ஏறி இறங்கும். "உங்க புள்ளைக்கு பிஎஸ்எல்இ-ல எவ்வளவு?" மின்தூக்கிக்குக் காத்திருக்கும்போது கேட்பார்கள். கோவிலில் அன்னதான வரிசையில் நின்றுகொண்டு கேட்பார்கள். கோப்பிக்கடையில் முன்பின் தெரியாதவர்கூடக் கேட்பார். பதில் சொல்ல வேண்டிய ஆளுக்கோ வயது 12. அவனோ அவளோ அம்மாவின் பின்னால் ஒதுங்கி நின்று தரையைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

தொடக்கப்பள்ளி இறுதியாண்டுத் தேர்வே வேண்டாம் என்று சொல்ல நான் இந்தக் கட்டுரையை எழுதவில்லை. அப்படிச் சொல்வது எளிது, கைதட்டலும் கிடைக்கும். ஆனால் தேர்வை எடுத்துவிட்டால் அந்த இடத்தில் எதை வைப்பது என்று கேட்டால் பலருக்குப் பதில் வராது. நான் சொல்ல வருவது ஒன்றே ஒன்று. அந்தத் தேர்வில் வரும் எண், அடுத்த பள்ளியில் ஓர் இடம் ஒதுக்குவதற்கு உதவட்டும். ஜனவரியில் பள்ளி திறந்ததும் அதன் வேலை முடிந்துவிட வேண்டும். அதற்குப் பிறகும் அந்த எண் பிள்ளையின் முதுகில் ஒட்டிக்கொண்டிருந்தால், தவறு பிள்ளையிடம் இல்லை, நம்மிடம்தான் இருக்கிறது.

இதைப் பேசப் பலதுறைத் தொழிற்கல்லூரி மாணவர்களைவிடப் பொருத்தமானவர்கள் யார்? தொடக்கக் கல்லூரிக்குள் போனால் ஏறக்குறைய ஒரே பாதையில் வந்தவர்களைத்தான் அதிகம் பார்க்கலாம். நம் வகுப்பில் அப்படியா? விரைவு நிலையில் படித்தவர் ஒரு பக்கம், வழக்கநிலையில் ஐந்தாண்டு படித்தவர் இன்னொரு பக்கம், தொழில்நுட்பக் கல்விக் கழகத்தில் ஹையர் நைட்டெக் முடித்து வந்தவர் பின் வரிசையில். எல்லா எண்களும் வந்து கலக்கும் முச்சந்தி நம் கல்லூரி என்றால் அது மிகையாகாது.

இந்த முறை எப்படி வந்தது?

பிஎஸ்எல்இ முதன்முதலில் 1960ஆம் ஆண்டில் நடந்தது. அன்று தமிழ், மலாய், சீனம், ஆங்கிலம் என நான்கு மொழிவழிப் பள்ளிகள் இருந்தன. நான்கு மொழிகளிலும் தேர்வு நடந்தது. உயர்நிலைப் பள்ளிக்குப் போகும் வாசலாக அது அமைந்தது.

எழுபதுகளின் கடைசியில் ஒரு பெரிய குறை தெரியவந்தது. பள்ளியில் சேர்ந்த பிள்ளைகளில் ஏராளமானோர் பாதியிலேயே படிப்பை விட்டுக்கொண்டிருந்தார்கள். டாக்டர் கோ கெங் சுவீ தலைமையில், சிஸ்டம்ஸ் இன்ஜினியர்கள் அடங்கிய ஒரு குழு கல்வி அமைச்சை அலசி ஆராய்ந்து 1979இல் அறிக்கை வெளியிட்டது. எல்லாப் பிள்ளைகளையும் ஒரே வேகத்தில் ஓட்டியதால்தான் பலர் தடுக்கி விழுகிறார்கள் என்பது அந்தக் குழுவின் கணிப்பு. அதன் பிறகு தொடக்கநிலை 3 முடித்த பிள்ளைகளைத் திறனுக்கு ஏற்பப் பிரித்தார்கள். 1981இல் உயர்நிலைப் பள்ளியிலும் சிறப்பு நிலை, விரைவு நிலை, வழக்கநிலை எனப் பிரிவுகள் வந்தன. 1994இல் வழக்கநிலை (தொழில்நுட்பம்) சேர்ந்தது.

நேர்மையாகச் சொல்ல வேண்டும்: அந்த ஏற்பாடு நோக்கத்தில் தோற்கவில்லை. இன்று உயர்நிலைப் பள்ளியைப் பாதியில் விடுபவர்கள் மிகச் சிலரே. மெதுவாகப் போகிறவனை வெளியே தள்ளாமல் உள்ளே வைத்துக்கொண்டது அந்த ஏற்பாடுதான். ஆனால் வேகத்துக்காகப் போட்ட கோடு, காலப்போக்கில் மதிப்புக்கான கோடாக மாறிவிட்டது. "அவன் எந்த ஸ்ட்ரீம்?" என்ற கேள்விக்கு "அவன் எந்தத் தரம்?" என்ற பொருள் வந்துவிட்டது. எந்தச் சட்டமும் அந்தப் பொருளைக் கொடுக்கவில்லை. நாம் எல்லாரும் சேர்ந்து கொடுத்தது அது.

லேப்பில் நாம் படித்த பாடம்

நம்மில் பெரும்பாலோர் டி-ஸ்கோர் காலத்தவர்கள். 2020 வரை அந்த முறைதான். அது எப்படி வேலை செய்தது என்று நம் பெற்றோர் பலருக்குத் தெரியாது. நமக்கு இப்போது புள்ளியியல் தெரியும் என்பதால் சொல்கிறேன். ஒரு பாடத்தில் நாம் வாங்கிய மதிப்பெண்ணிலிருந்து அந்த ஆண்டு எல்லாரும் வாங்கியதன் சராசரியைக் கழிப்பார்கள். அதைத் திட்ட விலக்கத்தால் வகுத்து, 10ஆல் பெருக்கி, 50ஐக் கூட்டுவார்கள். ஒரு பேச்சுக்கு, சராசரி 70, திட்ட விலக்கம் 10 என்றால், 80 வாங்கிய பிள்ளைக்கு 60. இப்படி நான்கு பாடங்களுக்கும் கணக்கிட்டுக் கூட்டினால் டி-ஸ்கோர்.

இதில் இரண்டு சங்கதிகள் உண்டு. முதலாவது, நம் எண் நம் படிப்பை மட்டும் காட்டவில்லை. ஊரிலுள்ள மற்ற பிள்ளைகள் எப்படி எழுதினார்கள் என்பதையும் சேர்த்தே காட்டியது. பக்கத்துப் பிள்ளை சறுக்கினால் நம் எண் ஏறும். 12 வயதில் இப்படி ஒரு பாடம் தேவையா? இரண்டாவது, அந்த எண்ணின் துல்லியம். 200க்கும் மேற்பட்ட வெவ்வேறு கூட்டெண்கள் சாத்தியமாக இருந்தன. 200 இருந்தால் விரைவு நிலை. 188 முதல் 199 வரை இருந்தால் விரைவு நிலையா வழக்கநிலையா என்று தேர்ந்துகொள்ளலாம். 187 என்றால் அந்த விருப்பம் இல்லை. 188க்கும் 187க்கும் இடையில் இருந்தது ஒரே ஒரு புள்ளி. அதன் விலை ஓர் ஆண்டு. நான்காண்டில் முடிய வேண்டிய சாதாரண நிலைத் தேர்வுப் பாதை ஐந்தாண்டாகிவிடும்.

நம் லேப்பில் என்ன சொல்லிக் கொடுத்தார்கள்? 0.05 மில்லிமீட்டர் வரை மட்டும் காட்டும் வெர்னியர் கேலிப்பரால் அளந்துவிட்டு, ரிப்போர்ட்டில் 0.001 மில்லிமீட்டர் வரை எழுதினால் லெக்சரர் சும்மா விடுவாரா? "இந்த இலக்கம் எங்கேயிருந்து வந்துச்சு?" என்று சிவப்புப் பேனாவால் சுழிப்பார். எந்தக் கருவிக்கும் பிழை வரம்பு உண்டு. ஒரு பிள்ளை அதே தேர்வை அடுத்த வாரம் எழுதினால் அதே மதிப்பெண்ணா வாங்கும்? முதல் நாள் காய்ச்சல் இருந்திருக்கலாம். இரவெல்லாம் வீட்டில் சண்டை நடந்திருக்கலாம். படித்து வைத்த கதைத் தலைப்பே கட்டுரைக்கு வந்திருக்கலாம். இரும்புத் துண்டுக்குப் பிழை வரம்பு வைக்கும் நாம், பிள்ளைக்கு வைக்க மறந்துவிட்டோம்.

புதிய முறையில் என்ன மாறியது?

கல்வி அமைச்சு இதை உணரவில்லை என்று சொல்ல முடியாது. 2012இலேயே முதலிடம் பிடித்த மாணவர்களின் பெயர்களை வெளியிடுவதை நிறுத்தினார்கள். 2021 முதல் டி-ஸ்கோர் போய், ஏஎல் எனப்படும் அடைவுநிலைகள் வந்தன. 90 அல்லது அதற்கு மேல் என்றால் ஏஎல் 1. 85 முதல் 89 வரை ஏஎல் 2. இப்படியே போய் 20க்குக் கீழ் ஏஎல் 8. நான்கு பாடங்களின் நிலைகளையும் கூட்டினால் மிகச் சிறந்தது 4, மிகக் கடைசி 32. ஆக மொத்தம் 29 எண்கள்தான். பக்கத்துப் பிள்ளை எப்படி எழுதினாலும் நம் நிலை மாறாது. 2021இல் எழுதிய அந்த முதல் அணியினர்தாம் 2026இல் நம் கல்லூரி வாசலுக்கு வருகிறார்கள்.

ஒரே பள்ளியின் கடைசி இடத்துக்கு ஒரே எண்ணுள்ள இருவர் போட்டியிட்டால் முதலில் குடியுரிமை, அடுத்து அந்தப் பள்ளியை எத்தனையாவது விருப்பமாகப் போட்டார்கள் என்பது, அதற்கும் மேல் கணினிக் குலுக்கல். 2024 முதல் விரைவு நிலை, வழக்கநிலை என்ற பெயர்களே உயர்நிலை 1இல் இல்லை. எண்ணைப் பொறுத்துச் சேர்க்கைக் குழு 1, 2, 3 என்று சேர்க்கிறார்கள்; பிள்ளைகளின் வாயில் பிஜி 1, பிஜி 2, பிஜி 3. ஒரே வகுப்பில் மூன்று குழுவினரும் கலந்து உட்காருகிறார்கள். பாடங்களை ஜி1, ஜி2, ஜி3 என்ற நிலைகளில் தனித்தனியாகப் படிக்கலாம். ஒரு பாடத்தில் ஏஎல் 5 அல்லது அதைவிடச் சிறப்பாகச் செய்திருந்தால், மொத்த எண் என்னவாக இருந்தாலும் அந்தப் பாடத்தை ஜி3 நிலையில் படிக்கலாம். 2027இல் அந்த அணியினர் எழுதும் தேர்வுக்கு எல்லாருக்கும் ஒரே பெயருள்ள சான்றிதழ்தான்.

இவை நல்ல மாற்றங்கள், மனதாரப் பாராட்டுகிறேன். ஆனாலும் கோடு என்று ஒன்று இருந்தால் அதற்கு இரு புறமும் ஆள் இருப்பார்கள். 64 வாங்கியவர் ஏஎல் 6, 65 வாங்கியவர் ஏஎல் 5. எவ்வளவு அகலமான பட்டையாக வரைந்தாலும் ஓரம் இருக்கத்தான் செய்யும். ஆகவே இன்னும் நல்ல அளவுகோலைத் தேடிக்கொண்டே இருப்பதில் பயனில்லை. அளந்த பிறகு அந்த அளவை வைத்து நாம் என்ன செய்கிறோம் என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

தேர்வை எடுத்துவிட்டால்?

"இவ்வளவு தொல்லை எதுக்கு? வீட்டுக்குப் பக்கத்துல இருக்குற ஸ்கூல்ல சேர்த்துட்டுப் போங்களேன்" என்று நண்பர்கள் சிலர் கேட்கிறார்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. தொடக்கநிலை 1 சேர்க்கையைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். அங்கே தேர்வு கிடையாது. அண்ணனோ அக்காளோ அங்கே படிக்கிறார்களா, பெற்றோர் பழைய மாணவரா, வீடு 1 கிலோமீட்டருக்குள் இருக்கிறதா என்பவைதாம் முன்னுரிமை. பெயர்பெற்ற பள்ளிக்குப் பக்கத்தில் வீடு வாங்க யாரால் முடியும்? புக்கிட் தீமாவில் வீட்டு வாடகை என்னவென்று விசாரித்துப் பார்த்துவிட்டு மறுபடியும் பேசலாம்.

தேர்வுக்கு ஒரு நியாயம் இருக்கிறது. ஈரறை வாடகை வீட்டுப் பிள்ளையும் தரைவீட்டுப் பிள்ளையும் ஒரே வினாத்தாளைத்தான் பிரிக்கிறார்கள். திருத்துகிறவருக்கு அப்பா என்ன வேலை பார்க்கிறார் என்று தெரியாது. சிபாரிசுக்கு அங்கே இடமில்லை. எத்தனையோ தொழிலாளர் குடும்பத்துப் பிள்ளைகள் நல்ல பள்ளிகளுக்குப் போன வழி அதுதான். அந்தப் படியை உடைத்தால் முதலில் கீழே விழப்போவது ஏழைப் பிள்ளைதான்.

என்றாலும், வினாத்தாள் ஒன்றாக இருப்பதால் ஓட்டப்பந்தயமும் ஒன்றாகிவிடுமா? 2023ஆம் ஆண்டுக் குடும்பச் செலவு ஆய்வின்படி சிங்கப்பூர்க் குடும்பங்கள் ஓராண்டில் துணைப்பாட வகுப்புகளுக்குச் செலவிட்ட தொகை ஏறத்தாழ 180 கோடி வெள்ளி. அந்தப் பணம் எல்லா வீட்டிலிருந்தும் சமமாகப் போகவில்லை என்பதைச் சொல்லத் தேவையில்லை. இணைப்புப் பள்ளி என்று இன்னொன்றும் உண்டு: சில தொடக்கப்பள்ளிகளில் படித்தால் அதோடு இணைந்த உயர்நிலைப் பள்ளியில் முன்னுரிமை. அந்தக் கதவு முழுவதும் அடைபடாமல் இருக்க, 2019 சேர்க்கை முதல் அத்தகைய பள்ளிகள் ஒவ்வொன்றிலும் 20 விழுக்காட்டு இடங்களை இணைப்பில்லாத பிள்ளைகளுக்கு ஒதுக்கி வைக்கிறார்கள். இந்த 20 விழுக்காட்டை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் இதற்கு வருகிறேன்.

நம் வகுப்பே சாட்சி

2018இல் எனக்குக் கிடைத்த எண் 179. ஆகவே வழக்கநிலை (ஏட்டுக்கல்வி). ஒரு கல்யாண வீட்டில் உறவினர் ஒருவர் அப்பாவிடம், "நார்மலா? பரவால்ல, விடுங்க. கையில ஒரு தொழில் இருந்தா பொழைச்சுக்குவான்" என்று ஆறுதல் சொன்னார். நல்ல மனுஷர்தான். ஆனால் 12 வயதுப் பையனுக்கு முன்னால் அவனுடைய அறுபது வயது வரைக்கும் அவர் கணக்கை முடித்துவிட்டார். பள்ளியிலும் அப்படித்தான். கூடுதல் கணிதம் பற்றி ஒருமுறை கேட்டபோது, "அதெல்லாம் எக்ஸ்பிரஸ் பிள்ளைங்களுக்கு, உனக்கு எதுக்கு?" என்ற பதில் வந்தது. என் மதிப்பெண்ணை எடுத்துப் பார்த்துச் சொல்லவில்லை. எந்த வகுப்பு என்று பார்த்துச் சொன்னார்கள். உயர்நிலை 5 வரை படித்து, சாதாரண நிலைத் தேர்வு எழுதி, இங்கே வந்து சேர்ந்தேன்.

இங்கே என் புராஜெக்ட் குழுவில் நான்கு பேர். ஒருவர் விரைவு நிலை. ஒருவர் வழக்கநிலையிலிருந்து பாலிடெக்னிக் அடித்தள ஆண்டுக்கு நேராக வந்தவர். 2013இல் தொடங்கிய அந்தத் திட்டம் உயர்நிலை 5ஐத் தாண்டி வர வழி செய்கிறது. மூன்றாமவர் ஐடிஇ முடித்து வந்த அண்ணன். சென்ற பருவத்தில் எங்கள் மோட்டார் போர்டு ஓட விட்டதும் டிரிப் ஆகிக்கொண்டே இருந்தது. நாங்கள் மூவரும் சர்க்யூட் படத்தை வைத்துக்கொண்டு முழு மாலையும் மண்டையை உடைத்துக்கொண்டோம். அண்ணன் வந்தார், மல்டிமீட்டரை எடுத்தார், "தம்பி, எர்த் லூசா இருக்கு, பாரு" என்றார். நான்கு நிமிடம்கூட ஆகவில்லை. அடுத்த வாரம் கன்ட்ரோல் கணக்கு வந்தபோது அவரே தலையில் கை வைத்து உட்கார, விரைவு நிலை நண்பர் பொறுமையாகச் சொல்லிக் கொடுத்தார். யார் உசத்தி, யார் மட்டம்? அந்தக் கேள்வியைக் கேட்கவே எங்கள் யாருக்கும் நேரம் இல்லை. சப்மிஷன் தேதி அப்படி!

"அப்புறம் என்னப்பா, சிஸ்டம் நல்லாத்தானே வேலை செய்யுது? எந்த வழியில போனாலும் பாலிக்கு வந்துடலாமே" என்று சிலர் கேட்கலாம். இங்கேதான் நாம் நிதானிக்க வேண்டும். நாம் வந்து சேர்ந்தவர்கள். வந்து சேர்ந்தவர்களை மட்டும் எண்ணிவிட்டுப் பாதை நன்றாக இருக்கிறது என்று சொல்வது சரியான ஆய்வாகாது. வராதவர்களை யார் எண்ணுவது? என்னோடு உயர்நிலை 1இல் உட்கார்ந்த சிலர், உயர்நிலை 3 வருவதற்குள்ளேயே "நமக்கு இவ்வளவுதாண்டா" என்று முடிவு கட்டிவிட்டார்கள். அவர்களுக்கு மூளை இல்லாமல் இல்லை. அவர்கள் அந்த எண்ணை நம்பிவிட்டார்கள்.

எங்கள் புளோக்கில் ஒரு தம்பி. ஆங்கிலத்திலும் அறிவியலிலும் ஏஎல் 7, கணிதத்திலும் தமிழிலும் ஏஎல் 6. கூட்டினால் 26, ஆகவே பிஜி 1. ஏஎல் 6 இருப்பதால் கணிதத்தையும் தமிழையும் அவன் ஜி2 நிலையில் எடுக்கலாம். விதி இடம் கொடுக்கிறது. "எடுடா, நான் சொல்லித் தர்றேன்" என்றேன். அவன் சிரித்துவிட்டு, "வேணாம் அண்ணே, நான் பிஜி 1தானே" என்றான்.

கதவு திறந்துதான் இருந்தது. அவன்தான் உள்ளே போகவில்லை. பெயர்ப் பலகையை மாற்றி ஆண்டுகள் ஆகியும், பழைய பலகையில் இருந்தது அவன் மனத்தில் அப்படியே எழுதப்பட்டிருக்கிறது. எழுதியது யார்? அன்னதான வரிசையில் கேட்டவர், கல்யாண வீட்டில் ஆறுதல் சொன்னவர், "பிஜி 1ஆ?" என்று உதட்டைப் பிதுக்கியவர் எல்லாரும்தான்.

நம் வீடுகளில்

நம் தமிழ்க் குடும்பங்களுக்கென்று சில சங்கதிகள் தனியே உண்டு. பள்ளி விருப்பப் பட்டியலில் ஆறு இடங்கள். அந்த ஆறையும் யோசித்து நிரப்புவது ஒரு கலை. முந்தைய ஆண்டு எந்த எண் முதல் எந்த எண் வரை ஒவ்வொரு பள்ளியிலும் எடுத்தார்கள் என்ற விவரத்தை அமைச்சு வெளியிடுகிறது. விருப்ப வரிசைக்கும் இப்போது மதிப்பு உண்டு என்பதால், கிடைக்காது என்று தெரிந்த பள்ளியை முதலில் எழுதுவது சும்மா ஓர் இடத்தை வீணாக்குவதுதான். எல்லாப் பள்ளிகளிலும் தமிழ் கற்பிப்பதில்லை. கற்பிக்காத பள்ளியில் சேர்ந்தால் பிள்ளை பள்ளி முடிந்த பிறகு உமறுப் புலவர் தமிழ் மொழி நிலையம் போன்ற இடத்துக்குப் போய்ப் படிக்க வேண்டும். புத்தகப்பையோடு எம்ஆர்டியில் நின்றுகொண்டே போகும் அந்த மாலைகளையும் பள்ளியைத் தேர்ந்தெடுக்கும்போதே கணக்கில் சேர்க்க வேண்டும். சிறப்பு உதவித் திட்டப் பள்ளிகளில் சேர உயர்சீனம் நன்றாகச் செய்த பிள்ளைகளுக்குச் சலுகை உண்டு; உயர்தமிழ் எவ்வளவு நன்றாகச் செய்தாலும் அது எந்தப் பள்ளி வாசலிலும் அப்படி உதவுவதில்லை. யாரையும் குறை சொல்ல இதைச் சொல்லவில்லை. உள்ளதைத் தெரிந்துகொண்டு பட்டியல் எழுத வேண்டும் என்பதற்காகச் சொல்கிறேன்.

இவையெல்லாம் படித்த பெற்றோருக்குத் தெரியும். இரண்டு ஷிப்ட் வேலை பார்க்கும் பெற்றோருக்கு? அவர்களுக்கு விவரம் சொல்ல ஆள் வேண்டும். இந்திய மாணவர்களின் கல்வியை உயர்த்தவென்றே 1991இல் சிண்டா தொடங்கப்பட்டது. குறைந்த செலவில் துணைப்பாட வகுப்புகளும் நடத்தி வருகிறது. எல்லாவற்றையும் சிண்டா பார்த்துக்கொள்ளும் என்று நாம் கை கட்டிக்கொண்டு இருந்துவிட முடியுமா?

என்ன செய்யலாம்?

கொள்கை வகுப்பவர்களுக்கு என் ஒரே வேண்டுகோள்: பிழை வரம்பை முறையிலேயே வையுங்கள். ஒரே எண்ணுள்ள இருவருக்கு இன்று குலுக்கல் நடக்கிறது. அதன் பொருள் என்ன? இந்த இருவரில் யார் மேல் என்று இந்தத் தேர்வால் சொல்ல முடியாது என்று அமைச்சே ஒப்புக்கொள்கிறது. இன்னும் ஓரடி எடுத்து வையுங்கள். இணைப்பில்லாத பிள்ளைகளுக்கு 20 விழுக்காடு ஒதுக்கிய மாதிரி, அதிகம் பேர் விரும்பும் ஒவ்வொரு பள்ளியிலும் ஒரு பங்கு இடங்களை, வெட்டெண்ணுக்கு இரண்டு, மூன்று புள்ளிகள் தள்ளி நிற்கும் பிள்ளைகளுக்குக் குலுக்கலில் விடுங்கள். அவர்களாலும் அங்கே படிக்க முடியும். "குலுக்கல்னா அதிர்ஷ்டம்தானே, அது நியாயமா?" என்று பெற்றோர் கேட்பார்கள். தேர்வன்று காய்ச்சல் வராமல் இருந்ததும் அதிர்ஷ்டம்தான். குலுக்கலில் தோற்ற பிள்ளை "எனக்கு லக் இல்லை" என்று போகும். "எனக்கு அறிவு இல்லை" என்று போகாது. பெரிய வித்தியாசம் அது.

நமக்கு நாமே சொல்லிக்கொள்ள வேண்டியவை மூன்று.

முதலாவது, தம்பி தங்கையரிடம் எண்ணைக் கேட்பதை விடுவோம். "எந்த ஸ்கூல்? என்ன சிசிஏ சேரப் போற? எந்தப் பாடம் பிடிக்கும்?" என்று கேட்க எவ்வளவோ இருக்கிறது.

இரண்டாவது, நவம்பர் கடைசியில் ஒரு வாரம் ஒதுக்குவோம். நம் புளோக்கில் தொடக்கநிலை 6 முடித்த பிள்ளை இருக்கும் வீட்டில் போய் உட்கார்ந்து, ஆறு விருப்பங்களை நிரப்ப உதவுவோம். பள்ளியின் தூரம், தமிழ் உண்டா இல்லையா, கடந்த ஆண்டின் எண், எந்தப் பாடத்தை எந்த நிலையில் எடுக்கலாம் என எல்லாவற்றையும் நம்மால் அரை மணி நேரத்தில் விளக்க முடியும். செலவு ஒரு கோப்பி.

மூன்றாவது, நாம் வந்த வழியை மறைக்காமல் சொல்வோம். வழக்கநிலையில் படித்தேன், ஐடிஇ-யிலிருந்து வந்தேன் என்று நாம் கூசாமல் சொன்னால்தான், உயர்நிலை 1இல் உட்கார்ந்திருக்கும் பிள்ளைக்குத் தைரியம் வரும். அந்தப் பிள்ளைக்கு மந்திரி சொல்வதைவிட மாடி வீட்டு அண்ணனும் அக்காளும் சொல்வது ஏறும்.

"விளையும் பயிர் முளையிலே தெரியும்" என்பார்கள் நம் பெரியவர்கள். பழமொழி சரிதான், ஆனால் எந்தப் பயிர்? கீரையை விதைத்தால் ஒரு மாதத்தில் பறிக்கலாம். தென்னையை நட்டால் காய்க்க ஆண்டுகள் ஆகும். கீரைக்காரன் கணக்கை வைத்துக்கொண்டு தென்னந்தோப்புக்குள் நுழைந்தால் எல்லாக் கன்றையும் பிடுங்கி எறியத்தான் தோன்றும். 12 வயதில் தெரிவது முளை மட்டுமே. அது கீரையா தென்னையா என்று சொல்ல எந்த வினாத்தாளாலும் முடியாது.

அந்தத் தம்பியிடம் நான் இன்னும் பேசிக்கொண்டுதான் இருக்கிறேன். கணிதம் ஜி2 எடுக்க இன்னும் சம்மதிக்கவில்லை. ஆனால் சென்ற வாரம் என் பழைய கணக்குப் புத்தகத்தைக் கேட்டு வாங்கிக்கொண்டு போயிருக்கிறான். உங்கள் புளோக்கிலும் இப்படி ஒருவன், ஒருத்தி இருப்பார்கள். தேடிப் போங்கள் நண்பர்களே.